ஓவனில் கண்ணாடிப் பாத்திரம் சிதறுவது ஏன்? சிதறினால் செய்ய வேண்டியது என்ன?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிக்கு எண்ணெய் குறைந்த உணவு தருமாறு மருத்துவர் அறிவுறுத்தும்போது, பல வீடுகளில் வாணலி ஒதுங்கி ஓவன் முன்னுக்கு வருகிறது. பொரித்த மீனின் இடத்தைச் சுட்ட மீன் பிடிக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் வீட்டிலுள்ள இளையவர்கள் அனைவரும் காலையிலேயே வேலைக்குச் சென்றுவிடும் குடும்பங்கள் ஏராளம். அத்தகைய வீடுகளில், குளிர்பதனப் பெட்டியிலுள்ள உணவை நண்பகலில் முதியவர் தாமே மைக்ரோவேவில் சூடாக்கி உண்கிறார். இவ்வேலைகளுக்கெல்லாம் பெரும்பாலும் பயன்படுவது கண்ணாடிப் பாத்திரமே.

அது நல்ல தேர்வுதான். கண்ணாடி உணவின் புளிப்போடு வினைபுரிவதில்லை, மணத்தை ஏற்பதில்லை, கழுவுவதும் எளிது. ஆயினும், பல நாள் உழைத்த பாத்திரம் ஒருநாள் எவ்வித முன்னறிவிப்புமின்றிப் பெருஞ்சத்தத்துடன் சிதறிவிடுவதுண்டு. உடல்நலமுள்ள ஒருவருக்கு அது ஒரு நாள் தொல்லை. ஆனால் வீட்டில் நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி குன்றியவரோ, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவரோ இருப்பாரானால், கண்ணுக்குத் தெரியாத ஒரு சில்லே பல வார காலச் சிகிச்சைக்கு வழிவகுத்துவிடக்கூடும். எனவே நோயாளியைப் பேணுவோர் இதனைச் சற்று விரிவாக அறிந்திருப்பது நன்று.

வெப்பம் அன்று, வெப்ப வேறுபாடு

கண்ணாடி உடைவதற்குக் காரணம் அதிக வெப்பம் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், ஒரே கண்ணாடியின் இரு பகுதிகளுக்கிடையே தோன்றும் வெப்ப வேறுபாடே அதனை உடைக்கிறது. கண்ணாடி வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். சூடான பாத்திரத்தின் மீது குளிர்ந்த நீர் படும்போது, நீர் பட்ட மேற்பரப்பு உடனே சுருங்க முயல்கிறது. உட்பகுதியோ இன்னும் விரிந்த நிலையிலேயே இருக்கிறது. இதனால் மேற்பரப்பு இழுவிசைக்கு உள்ளாகிறது. அழுத்தத்தை நன்கு தாங்கும் கண்ணாடி, இழுவிசையைத் தாங்குவதில் மிகவும் வலுவற்றது. அவ்விடத்தில் முன்பே ஒரு கீறல் இருந்துவிட்டால், விரிசல் அதிலிருந்து தொடங்கி நொடிக்குள் பாத்திரம் முழுவதும் பரவிவிடும்.

கண்ணாடித் தம்ளரில் கொதிக்கும் காப்பியை ஊற்றுமுன் அதனுள் ஓர் எவர்சில்வர் கரண்டியை இட்டுவைக்கும் வழக்கத்தைப் பெரியவர்களிடம் காணலாம். காப்பியின் வெப்பத்தில் ஒரு பங்கைக் கரண்டி வாங்கிக்கொள்வதால் கண்ணாடிக்கு நேரும் அதிர்ச்சி குறைகிறது. காரணம் சொல்லப்படாமலே கைமாறி வந்த பழக்கம் எனினும், அதன் அறிவியல் சரியானதே. தடித்த தம்ளர் வலுவானது என்ற எண்ணம் மட்டும் இங்குப் பொருந்தாது. சுவர் தடிக்கத் தடிக்க உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு மிகுமாதலால், மெல்லிய தம்ளரைவிடத் தடித்த தம்ளரே எளிதில் விரிசல் விடும்.

ஒரே தோற்றம், வேறுபட்ட கண்ணாடிகள்

மேனிலைப் பள்ளியில் வேதியியல் பயின்றவர்கள் ஆய்வகத்தில் கண்ணாடி முகவையை நேரே சுடருக்கு மேலே, கம்பிவலை மீது வைத்துச் சூடாக்கியிருப்பார்கள். வீட்டு ஊறுகாய்ப் பாட்டிலை அவ்வாறு சூடாக்கினால் உடைந்துவிடும். காரணம், இரண்டும் ஒரே கண்ணாடி அன்று.

பாட்டிலும் சன்னல் கண்ணாடியும் மணல், சோடா, சுண்ணாம்பு ஆகியவற்றை உருக்கிச் செய்யப்படும் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியால் ஆனவை. இதில் ஒரு மீட்டர் நீளமுள்ள துண்டின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் நீளும். ஆய்வக முகவை போரோசிலிகேட் கண்ணாடியால் ஆனது. அதே அளவு வெப்பத்துக்கு அது சுமார் 0.33 மில்லிமீட்டரே நீளும். விரிவு மூன்றில் ஒரு பங்காகக் குறைவதால் இழுவிசையும் அந்த அளவுக்குக் குறைகிறது.

செருமனியில் ஓட்டோ ஷாட் என்ற வேதியியலறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கண்ணாடியை உருவாக்கினார். அது சமையலறைக்கு வந்த வரலாறு சுவையானது. அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் பணியாற்றிய ஜெசி லிட்டில்டன், 1913-இல் மின்கலத்துக்கென்று செய்யப்பட்ட கண்ணாடிச் சாடியின் அடிப்பகுதியை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவருடைய மனைவி பெஸ்ஸி அதில் கேக் சுட்டார். பாத்திரம் உடையவில்லை. 1915-இல் பைரெக்ஸ் என்ற பெயரில் அவ்வகைப் பாத்திரங்கள் விற்பனைக்கு வந்தன. இந்தியாவில் 1962-இல் தோன்றிய போரோசில் நிறுவனம் கார்னிங்கின் கூட்டுறவோடு வளர்ந்ததே. நம் ஆய்வகங்களிலும் பின்னர் நம் சமையலறைகளிலும் இக்கண்ணாடி பரவியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

பெட்டியின் மீதுள்ள பெயரை மட்டும் கொண்டு கண்ணாடியின் வகையை முடிவு செய்வது சரியாகாது. அமெரிக்காவிலுள்ள மகனோ மகளோ கொண்டுவந்து தரும் பைரெக்ஸ் பாத்திரம் பெரும்பாலும் போரோசிலிகேட் அன்று. அந்நாட்டில் இப்போது விற்கப்படுவது வலுவூட்டப்பட்ட சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. ஐரோப்பாவில் அதே பெயரில் விற்கப்படுவதோ போரோசிலிகேட். அமெரிக்க நுகர்வோர் இதழ் ஒன்று 2010-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட சோதனையில், உலர்ந்த மணல் நிரப்பிய பாத்திரங்களைச் சுமார் 230 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, ஈரமான கிரானைட் கல்லின் மேல் வைத்துப் பார்த்தனர். சோடா-சுண்ணாம்புப் பாத்திரங்கள் உடைந்தன. ஐரோப்பியப் போரோசிலிகேட் தாங்கியது. ஆனால் வெப்பத்தை மேலும் உயர்த்தியபோது அவற்றிலும் பல உடைந்தன. எந்தக் கண்ணாடிக்கும் எல்லை உண்டு என்பதை இச்சோதனை காட்டுகிறது.

வலுவூட்டப்பட்ட கண்ணாடியைப் பற்றித் தனியே ஒரு சொல். கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, குளிர்காற்றை வேகமாக வீசி ஆற்றுகின்றனர். மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் உறைந்து நின்றுவிடுகிறது. கைதவறி விழுந்தால் இது மற்றதைவிட நன்கு தாங்கும். ஆனால் ஒரு கீறல் ஆழமாகி உட்பகுதியை எட்டிவிட்டால், சேர்ந்திருந்த விசை முழுவதும் ஒரே நொடியில் விடுபட்டு, பாத்திரம் நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளாகச் சிதறும். கீறல் விழுந்த நாளிலேயே அது உடைய வேண்டும் என்பதில்லை. சில நாள்களோ வாரங்களோ கழித்து, அலமாரியில் சும்மா இருக்கும்போதுகூட உடையலாம். அத்தகைய நிகழ்ச்சியைத் தீய சகுனமாகக் கருதி மனம் கலங்குவோர் உண்டு. நோயாளி இருக்கும் வீட்டில் அக்கலக்கம் இன்னும் அதிகம். அது பழைய காயத்தின் விளைவேயன்றி வேறன்று.

நம் சமையலறையில் நேர்வது

ஓ.டி.ஜி. எனப்படும் மின் ஓவனில் மேலும் கீழும் உள்ள கம்பிகள் செந்தணலாகக் காய்கின்றன. முன்சூடாக்கும் வேளையில் அவை தொடர்ந்து எரிவதால், உள்ளே பாத்திரம் இருந்தால் கம்பிக்கு எதிரேயுள்ள பகுதி மட்டும் மிகையாகச் சூடேறும். எனவே முதலில் வெற்று ஓவனைச் சூடாக்கி, அதன் பின்னரே அறை வெப்பநிலையிலுள்ள கண்ணாடிப் பாத்திரத்தை உள்ளே வைக்க வேண்டும். மேற்கம்பி மட்டும் எரியும் கிரில் முறையில் கண்ணாடியைப் பயன்படுத்தவே கூடாது. அதற்கு உலோகத் தட்டே ஏற்றது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாத்திரத்தை அப்படியே சூடான ஓவனுக்குள் தள்ளுவதும் ஆபத்தானது. முந்தைய இரவே மசாலா தடவி வைத்த மீனாயின், சுடும் நேரத்தில் வேறு தட்டுக்கு மாற்றிவிடுவது எளிய தீர்வு.

வெளியே எடுக்கும் கணத்தில்தான் நாம் மிகுதியாகக் கவனக்குறைவாக இருக்கிறோம். நம் வீட்டுச் சமையல் மேடை கிரானைட்டாலோ கடப்பாக்கல்லாலோ ஆனது; நாளெல்லாம் துடைத்துத் துடைத்து ஈரமாகவே இருப்பது. சூடான கண்ணாடியை வைப்பதற்கு அதைவிடத் தகாத இடம் இல்லை. இதற்கு உகந்த பொருள் நம் பாட்டிமார் கையாண்ட பிரிமணையே. அது இல்லையெனில், நான்காக மடித்த உலர்ந்த துணியோ மரப்பலகையோ போதும். பாத்திரத்தைப் பிடிக்கும் கரித்துணியும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்துணி கண்ணாடிக்கு அதிர்ச்சி தரும் என்பதோடு, அதிலுள்ள நீர் ஆவியாகிக் கையையும் சுடும்.

காய்கறியோ கோழியோ ஓவனில் வறண்டுவிட்டதைக் கண்டு, பாதியில் ஒரு குவளை நீரைத் தெளிப்பது பலருடைய வழக்கம். நீர் வேண்டுமெனில் தொடக்கத்திலேயே பாத்திரத்தின் அடி மறையும் அளவுக்குச் சேர்த்துவிடுவதே முறை. பாதியில் சேர்த்தே ஆகவேண்டுமானால் அது கொதிநீராக இருக்கட்டும். மைக்ரோவேவில் வெறும் பாத்திரத்தைச் சூடாக்குவதும், சூடான சுழல்தட்டின் மேல் உறைந்த உணவை வைப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை. ஓவன் கதவின் கண்ணாடியையும், அது முழுவதும் ஆறிய பின்னரே துடைக்க வேண்டும்.

எரிவாயு அடுப்பின் சுடர் மீது, அதற்கென்று குறிக்கப்படாத எந்தக் கண்ணாடிப் பாத்திரமும் ஏறலாகாது. ‘மைக்ரோவேவுக்கு ஏற்றது’ என்று எழுதியிருப்பது ஓ.டி.ஜி.க்கும் ஏற்றது என்று பொருள்படாது. வெண்ணிற ஓபல் தட்டுகள் பரிமாறுவதற்கானவை. ஓவனுக்கு ஏற்றவை என்று பெட்டியில் தெளிவாகக் குறிப்பிடப்படாத நிலையில் அவற்றைச் சுடுவதற்குப் பயன்படுத்த வேண்டா. விளிம்பு சிறிது சிதைந்த பாத்திரத்தையும், இரும்பு நார் கொண்டு தேய்த்துக் கீறல் விழுந்ததையும் ஓவனிலிருந்து ஓய்வு பெறச் செய்து, பருப்பு, மிளகு வைக்கும் கலமாக மாற்றிவிடலாம். தூக்கியெறிய மனம் வராதவர்களுக்கு இது ஆறுதல்.

கண்ணாடி மேற்பரப்புடைய எரிவாயு அடுப்பு

ஓவன் இல்லாத வீட்டிலும் இக்கட்டுரைக்குப் பொருள் உண்டு. இன்று பல வீடுகளில் அடுப்பின் மேற்பரப்பே வலுவூட்டப்பட்ட கண்ணாடிதான். பர்னரை முழுவதும் மறைத்து வெளியேயும் நீண்டு நிற்கும் பெரிய பாத்திரம் வெப்பத்தைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. இருபது பேருக்குச் சமைக்கும் அண்டாவை இவ்வடுப்பில் ஏற்றக் கூடாது. குக்கர் பொங்கி வழிந்தவுடன் சூடான கண்ணாடி மீது ஈரத்துணியை வைப்பதும், இரும்புத் தோசைக்கல்லை இழுத்து நகர்த்துவதும் கேடு விளைவிக்கும். சுடர் பர்னருக்கு மேலே எரியாமல் அடியில் எரிவதாகத் தோன்றினால், உடனே அணைத்துப் பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டும். புதிதாக வாங்குவோர் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 4246 முத்திரை உள்ளதா எனப் பார்த்து வாங்குக.

இக்கண்ணாடி உடைந்தால், சில்லுகளைத் தொடுவதற்கு முன் ரெகுலேட்டரை மூடுவதே முதல் வேலை. எரிவாயு மணம் வந்தால் மின்விசைகளைத் தொடாமல், சன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறி, 1906 என்ற எரிவாயு அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

சிதறிய பின்

சத்தம் கேட்டவுடன் ஓடிவருவது மனித இயல்பு. வெறுங்காலோடு ஓடிவருவது நம் வீட்டு வழக்கம். பாத்திரம் உடையும்போது படாத காயம், பின்னர் சுத்தம் செய்ய வரும்போது பட்டுவிடுகிறது. நின்ற இடத்திலேயே நின்று, பிறரை வரவேண்டாமென்று உரக்கக் கூறி, செருப்பை எடுத்துத் தரச் சொல்லுங்கள். சமையலறையில் செருப்பணிவது முறையன்று என்று கருதும் குடும்பங்களில், வெளியே போட்டுச் செல்லாத தனி இணை ஒன்றை வாசலருகே வைத்துக்கொள்ளலாம். நீரிழிவு நோயாளிகளுக்கு வீட்டினுள்ளும் காலணி தேவை என்று மருத்துவர்கள் அறிவுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாத்திரம் ஓவனுக்குள்ளேயே உடைந்திருந்தால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கதவைத் திறக்காமல் முழுவதும் ஆறவிடுங்கள். சூடான சில்லுகள் சில நிமிடங்களுக்குத் தொடர்ந்து வெடிக்கக்கூடும். நீர் ஊற்ற வேண்டா.

ஆறிய பின் பெரிய துண்டுகளைத் தடித்த அட்டையால் தள்ளி எடுக்கலாம். பெருக்கிய பிறகும் எஞ்சும் மெல்லிய துகள்களை, நனைத்த செய்தித்தாளாலோ பிசைந்த கோதுமை மாவு உருண்டையாலோ ஒற்றியெடுப்பது நல்ல பலன் தரும். விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால், எஞ்சிய சில்லுகள் மின்னிக் காட்டிக்கொடுக்கும். மேடையில் திறந்திருந்த உணவு, மாவு, குடிநீர் அனைத்தையும் கொட்டிவிடுங்கள். வடிகட்டிப் பயன்படுத்த நினைக்க வேண்டா. குழாய்வழி உணவு பெறும் நோயாளிக்கென்று தயாரித்து வைத்ததாயினும் அவ்வாறே.

சில்லுகளை நெகிழிப்பையில் அப்படியே போடக் கூடாது. அம்பத்தூரில் சென்னை மாநகராட்சி, ஆவடியில் ஆவடி மாநகராட்சி, பூந்தமல்லியில் நகராட்சி என நிருவாகம் எதுவாயினும், குப்பையைக் கையால் பிரிப்பவர் ஒரு தொழிலாளியே. தடித்த தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் இட்டு, மேலே ‘உடைந்த கண்ணாடி’ என்று பெரிதாக எழுதித் தருக.

காயம் பட்டால்

சூடான பாத்திரமோ குழம்போ பட்டுத் தோல் வெந்தால், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். இது எரிச்சலைத் தணிப்பதோடு, காயம் மேலும் ஆழமாவதையும் குறைக்கிறது. காயம் பட்ட மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பயனுண்டு. இங்கு ஓர் உள்ளூர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. கத்திரி வெயிலில் நண்பகல் வேளை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் நீர் கொதிப்பது போலிருக்கும். காயம் படாத கையால் தொட்டுப் பார்த்து, சூடான நீர் ஓடித் தீரும் வரை, கேனிலோ பானையிலோ உள்ள நீரைத் தொடர்ந்து ஊற்றுங்கள். பனிக்கட்டி வைக்கக் கூடாது. பற்பசை, பேனா மை, மஞ்சள், தோசை மாவு ஆகியவை எதுவும் வேண்டா. அவை தொற்றுக்கு இடமளிப்பதோடு, காயத்தின் ஆழத்தை மருத்துவர் காண முடியாதவாறு மறைத்தும்விடுகின்றன. வீக்கம் தொடங்குமுன் மோதிரம், வளையல், மெட்டி ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிய செயற்கையிழை உடையைப் பிய்த்தெடுக்க வேண்டா. பின்னர் தூய பருத்தித் துணியால் தளர்வாக மூடிப் புறப்படுங்கள்.

வெந்த இடம் நோயாளியின் உள்ளங்கையைவிடப் பெரிதாயினும், முகம், கை, பாதம், மூட்டு ஆகியவற்றில் இருந்தாலும், குழந்தைக்கோ முதியவருக்கோ நேர்ந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். பெரிய தீக்காயங்களுக்கு 108 ஊர்தியை அழையுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயங்களுக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு உள்ளது. அது பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே அமைந்துள்ளதால் நம் பகுதியினர் சென்றடைவது எளிது.

கண்ணாடி வெட்டிய காயத்தில் ஆழமாகச் செருகி நிற்கும் சில்லைப் பிடுங்க வேண்டா. அதன் இருபுறமும் துணி வைத்து அணைத்துக் கட்டி அழைத்து வாருங்கள். சில்லு இல்லாத வெட்டாயின், தூய துணியால் 10 நிமிடம் இடைவிடாது அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று இடையிடையே திறந்து பார்ப்பது உறைந்த இரத்தத்தைக் கலைத்துவிடும். ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற மருந்துகளை உட்கொள்வோருக்கு இரத்தம் நிற்கக் கூடுதல் நேரமாகும். அதன் பிறகும் நிற்கவில்லையெனில் அவசரப் பிரிவுக்கு வருக. அடுத்த வேளை மருந்தைத் தாமாக நிறுத்திவிட வேண்டா; அதனை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். தசைவலிப்பு எனப்படும் டெட்டனஸ் நோய்க்கான தடுப்பூசியைக் கடைசியாக எப்போது போட்டுக்கொண்டீர்கள் என்பதையும் அவரிடம் கூறுங்கள்.

கண்ணில் துகள் விழுந்தால் தேய்க்காமல், தூய நீரில் கழுவுங்கள். உறுத்தல் நீங்காவிட்டாலோ துகள் தைத்திருந்தாலோ, அழுத்தாமல் மூடிக்கொண்டு கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சில்லு கலந்த உணவை விழுங்கிவிட்டதாக ஐயம் எழுந்தால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். தொண்டை வலி, வயிற்று வலி, இரத்தம் கலந்த வாந்தி அல்லது கருநிற மலம் இருந்தால் உடனே அழைத்து வாருங்கள்.

பாதத்தில் தைத்த சில்லை ஊக்கு கொண்டு கிளறி எடுக்கும் வழக்கத்தை மட்டும் கைவிட வேண்டும். பெரும்பாலான கண்ணாடித் துண்டுகள் எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரியும்; ஆகையால் தேடிக் கிளறத் தேவையில்லை. நீரிழிவு நோயாளியிடம் ‘வலிக்கிறதா’ என்று கேட்டு மன நிறைவடையாதீர்கள்; நரம்பு பாதிக்கப்பட்டவருக்குச் சில்லு தைத்தும் வலி தெரியாதிருக்கலாம். வீட்டில் கண்ணாடி உடைந்த நாளிலிருந்து குறைந்தது ஒரு வாரத்துக்கு, இரவு படுக்குமுன் அவருடைய இரு பாதங்களையும் விரலிடுக்கு உட்பட நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். தனித்து வாழ்பவராயின் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துத் தாமே பார்த்துக்கொள்ளலாம். சிவப்போ வீக்கமோ நீர்க்கசிவோ வழக்கத்துக்கு மாறான வெம்மையோ தென்பட்டால், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் மறுநாளே வந்து காட்டுங்கள்.